சிற்றில் கட்ட இடம் உண்டோ?

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்த தெருவொன்றின் வழியே நடந்து சென்றபோது நான் கண்ட காட்சி இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. வீடு கட்டுவதற்காக யாரோ பறித்து வைத்திருந்த மணற்குவியலின் மேல் ஏழெட்டுச் சிறுவர் சிறுமியர் முனைந்து தொழில் செய்துகொண்டிருந்தனர். தொழில் என்று நான் சொல்வது வேடிக்கைக்காக அன்று. அவர்கள் முகத்திலிருந்த கருத்தூன்றலைக் கண்டவர் வேறு சொல் சொல்லார். ஒருவன் சிரட்டையால் மணலை அகழ்ந்து வளைகுடா ஒன்றை ஆக்கிக்கொண்டிருந்தான். ஒருத்தி உடைந்த ஓடுகளை வரிசையாக அடுக்கி இறங்குதுறை கட்டினாள். எல்லாரிலும் இளையவன் வெற்றுப் போத்தல் ஒன்றை நூலிற் கட்டி இழுத்துக்கொண்டு, "எண்ணெய்க் கப்பல் வருது, விலத்துங்கோ!" என்று கூவினான்.

அவ்விடத்திலிருந்து நூறு யார் தொலைவிற் சிறுவர் பூங்கா ஒன்று இருந்தது. கம்பிவேலி, வர்ணம் பூசிய இரும்புச் சறுக்கு, இரண்டு ஊஞ்சல், ஓர் ஏற்ற இறக்கப் பலகை, பெரியோர் அமர்வதற்கு ஒரு சீமெந்து இருக்கை, இத்தனையும் அங்கே இருந்தன. குழந்தை ஒன்றுதானும் இல்லை.

"அங்கே போய் விளையாடலாமே, தம்பி?" என்று வளைகுடாவை அகழ்ந்தவனைக் கேட்டேன். அவன் தலை நிமிராமலே, "அங்க சறுக்கத்தான் ஏலும், சேர். இஞ்ச எல்லாம் செய்யலாம்" என்றான்.

அறிஞர் பலர் கூடிப் பலநாள் ஆராய்ந்து எழுதும் அறிக்கையொன்றின் சாரம் இவ்விரு வாக்கியங்களுள் அடங்கிவிட்டதென்று எனக்குத் தோன்றியது. சிறுவர்க்கு இடம் அமைக்கும் பெரியோர் பொருள்களை நாட்டி வைக்கின்றனர். சிறுவரோ செயல்களைத் தேடி அலைகின்றனர். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவே அன்று நான் கண்ட நூறு யார். அதனைக் குறைக்கும் வழி யாது என்பதே ஈண்டு நாம் ஆராயவேண்டிய பொருள்.

உறுதிப்பத்திரம் இல்லாதோர்

திருகோணமலைத் துறைமுகம் இன்று நாடுகள் பலவற்றின் கவனத்திற்கு உரியதாகியிருக்கின்றது. சீனக்குடாவை அடுத்துப் பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்துச் சென்ற எண்ணெய்த் தாங்கிகளுள் எஞ்சிய 99 தாங்கிகளும் 2022 ஜனவரியிற் கைச்சாத்தான உடன்படிக்கைகளின்படி இலங்கை, இந்திய நிறுவனங்களிடையே பகிரப்பட்டன. 2025 ஏப்ரல் 5ஆம் நாள், இந்தியப் பிரதமர் கொழும்பு வந்திருந்தபோது, திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது குறித்து இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. சம்பூர்ச் சூரியசக்தி மின்னிலையத்தின் தொடக்க விழாவும் அன்றே நடைபெற்றது.

இத்திட்டங்களின் நன்மை தீமைகளை எடைபோடுவது என் நோக்கமன்று. அதற்கு வல்லுநர் பலர் உளர். என் ஐயம் மிக எளியது. எண்ணெய் எத்தனை தொன், மின்சாரம் எத்தனை மெகாவாற்று என்று கணக்கிடும் நாம், இத்துறைமுக மாவட்டத்துப் பிள்ளைகள் நாளை எங்கே விளையாடுவர் என்பதையும் எண்ணிப் பார்த்தோமா? துறைமுகம் வளருமாயின் வீதி அகலும், குடியிருப்பு நெருங்கும், வெற்று நிலம் விலைபெறும். வெற்று நிலம் விலைபெறும்போது முதலில் இடமிழப்போர் சிறுவரே. அவர்கள் ஆண்டாண்டாக ஆடிவந்த நிலத்திற்கு அவர்களிடம் உறுதிப்பத்திரம் இல்லை. பின்னர் நகரத் திட்டத்தின் ஒரு மூலையிற் சிறிய சதுரமொன்றிற்குப் பச்சை வர்ணம் தீட்டி, "சிறுவர் பூங்கா" என்று எழுதிவிட்டாற் கடமை முடிந்ததாகிவிடுகின்றது.

விளையாட்டிடம் கேட்பதை இரங்கி வேண்டும் சலுகையென்று யாரும் எண்ணவேண்டா. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20ஆம் நாள் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமையெனக் கூறுகின்றது. 12ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் கருமங்களிலே தம் கருத்தைச் சொல்லும் உரிமையைச் சிறுவர்க்கு அளிக்கின்றது. இலங்கை 1991இல் இச்சமவாயத்திற்குக் கட்டுப்பட்டது. இவ்விரு உறுப்புரைகளையும் சேர்த்துப் படிப்பவர், மணற்குவியலின் மேலிருந்த சிறுவன் சொன்ன சொல்லைச் சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ள இயலாது. அது சாட்சியம்.

நம் புலவர் கண்டது

விளையாட்டைப் பொருட்படுத்தாத மரபு நம்முடையதன்று. தொல்காப்பியர் உரியியலிலே 'கெடவரல்', 'பண்ணை' என்னும் இரு சொற்களையும் விளையாட்டைக் குறிக்கும் உரிச்சொற்களாக எடுத்துரைத்தார். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தபோது, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்றையும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என விளையாட்டிற்கே ஒதுக்கினர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானையும் ஊசலும் அவ்வாறே இடம்பெற்றன.

இவற்றுள் சிற்றிற் பருவத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். சிறுமியர் மணலிற் சிறுவீடு கட்டுகின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை அதனைக் காலால் அழிக்க வருகின்றான். அழியாதிருக்குமாறு அவர்கள் இரக்கின்றனர். பக்திச்சுவையை ஒருபுறம் வைத்துவிட்டு, விளையாட்டை மட்டும் பார்ப்போம். இவ்விளையாட்டிற்கு வேண்டிய கருவி யாது? மணல் ஒன்றே. அதனைக் கட்டலாம், அழிக்கலாம், மீண்டும் கட்டலாம். அழித்தவனுக்குத் தண்டம் இல்லை. அழிந்ததனால் எவருக்கும் நட்டம் இல்லை. கட்டுவோர்க்கும் அழிப்போனுக்கும் இடையில் எழும் பிணக்கும், அதனைத் தீர்க்கும் கெஞ்சுதலும், பின்னர் உண்டாகும் உடன்பாடும் விளையாட்டின் பகுதிகளே. இதனை ஊன்றிப் பார்த்த புலவன் பருவமொன்றிற்கே இதன் பெயரை இட்டான்.

பட்டினப்பாலையில் வரும் செய்தியும் இதற்குத் துணையாகும். காவிரிப்பூம்பட்டினத்து மகளிர், முற்றத்தில் உலரும் உணவைத் தின்ன வந்த கோழியை நோக்கிப் பொற்குழையைக் கழற்றி எறிந்தனராம். அக்குழை, அங்கே சிறுவர் உருட்டி வந்த மூன்று உருளைச் சிறுதேரின் வழியைத் தடுத்ததாம். பட்டினத்தின் செல்வத்தைக் காட்டவே இதனைக் கூறினார் என உரைப்பர். எனக்குப் புலனாவது மற்றொன்று. அத்துறைமுக நகரிலே சிறுவரின் தேரோடும் வழி வேலியிட்ட மூலையொன்றில் இருக்கவில்லை. உணவு காய்கின்ற, பெண்கள் இருக்கின்ற, கோழி மேய்கின்ற முற்றத்தின் நடுவே இருந்தது. யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் நம் பாட்டன்மார் குரும்பட்டியையும் ஈர்க்கையும் கொண்டு குரும்பட்டித் தேர் செய்து இழுத்ததும், பூவரசம் இலையைச் சுருட்டிக் குழலூதியதும் அந்த முற்றத்தின் தொடர்ச்சியே.

ஆகவே, மாறுந்தன்மையுடைய பொருள், தானே செய்தற்குரிய உரிமை, வாழ்வோடு ஒட்டிய இடம் என்னும் மூன்றும் விளையாட்டின் அடிப்படைகள் என்று நம் இலக்கியத்தைக் கொண்டே நிறுவலாம். நாட்டி வைத்த இரும்புச் சறுக்கில் இம்மூன்றும் இல்லை.

இடிபாட்டிற் பிறந்த பாடம்

நம்மவர் வாழ்விற் கண்டதை மேல்நாட்டார் ஒருவர் தம் தோல்வியிலிருந்து கற்றார். டென்மார்க்கிலே பூங்காக்களை வடிவமைத்த சோரன்சன் என்பார், ஒழுங்காக அமைத்த விளையாட்டிடங்களை விட்டுச் சிறுவர் கட்டடவேலை நடக்கும் நிலங்களிலும் கழிபொருட் குவியல்களிலும் கூடுவதைக் கண்டார். கண்டவர் சிறுவர்மேற் சினங்கொள்ளவில்லை. தம் தொழில்மேல் ஐயங்கொண்டார். பழம்பலகை, செங்கல், மண் முதலியவற்றையே கொண்ட விளையாட்டிடம் ஒன்றை அமைக்கலாமே என்று 1931இல் எழுதினார். 1943இல், ஜெர்மானியப் படை அந்நாட்டை ஆக்கிரமித்திருந்த வேளையில், கோப்பன்ஹேகன் நகரைச் சார்ந்த எம்ட்ரப்பில் அத்தகைய இடம் உருவாயிற்று. அங்கே சிறுவர் வெட்டினர், அடித்தனர், குடிசை கட்டினர், பிரித்தனர். அவர்கள் அருகே பெரியவர் ஒருவர் இருந்தார். கட்டளையிடுதல் அவர் தொழிலன்று. கேட்டபோது உதவுதலே அவர் தொழில்.

1946இல் அவ்விடத்தைக் கண்ட ஆங்கிலப் பூங்கா அமைப்பாளர் அலன் சீமாட்டி, இலண்டனிற் குண்டுவீச்சாற் பாழ்பட்டுக் கிடந்த நிலங்களைச் சிறுவர்க்குத் திறந்துவிட வேண்டுமென்று வாதாடினார். அவருடைய முயற்சியின் பயனாகப் போர் இடித்த வெளிகள் பலவற்றிற் சிறுவர் தம் கையாற் குடில்கள் அமைத்தனர். ஒல்லாந்திலே ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஆல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர் 1947இல் முதலாவது விளையாட்டிடத்தை அமைத்தார். 1978 வரையில் அத்தகையவை 700க்கும் மேற்பட்டன. வீடிடிந்த மனை, இரு சுவர்களுக்கிடையிற் கிடந்த சந்து, தெரு முனை ஆகியவற்றையே அவர் எடுத்துக்கொண்டார். மணற்குழி, தாவிச் செல்லக் கற்கள், பிடித்துத் தொங்கக் கம்பி வளைவு என்னும் மிகச் சிலவற்றையே வைத்தார். எதனையும் யானையென்றோ குதிரையென்றோ வடித்துவைக்கவில்லை. கல்லை இன்று கப்பலாகவும் நாளை கடையாகவும் கொள்ளும் வேலையைச் சிறுவர்க்கே விட்டார். தம் தெருவிலும் ஒன்று வேண்டுமென்று அயலவர் நகரசபைக்குக் கடிதம் எழுத, அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக அவை பெருகின.

அதே உலகப் போரின் குண்டுகள் 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்களிலிருந்து இத்துறைமுகத்தின்மேலும் விழுந்தன. பின்னர் உள்நாட்டுப் போரின் நீண்ட ஆண்டுகள் வந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இடிபாடுகளுக்கு நம்மிடையே ஒருபோதும் குறைவிருந்ததில்லை. அவற்றிலிருந்து சிறுவர்க்கென ஏதேனும் எடுத்தோமா என்பதே கேள்வி.

மட்டக்களப்பிற் கண்ட வழி

எடுத்தோர் சிலர் நம் மாகாணத்திலேயே உளர். 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவியான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். ஹோகன் முன்னர் டொரன்டோ நகரில் உடற்குறையுள்ள சிறுவர்க்கான தோட்டமொன்றிற் பணிசெய்தவர். மட்டக்களப்புப் பூங்காவிற்குத் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தனர். களிமண் பிசைதல், வர்ணம் தீட்டுதல், செடி நடுதல், கதை கட்டுதல், கதையை நாடகமாக ஆடுதல் ஆகியவையே அங்கு நடந்தன. உறவினரை இழந்த பிள்ளையிடம் "உன் துயரத்தைச் சொல்" என்று எவரும் நெருக்கவில்லை. களிமண்ணும் வர்ணமும் கிடைத்தபோது பிள்ளை தானே தனக்கு வேண்டியதை வேண்டிய நேரத்திற் செய்துகொண்டது.

இச்சான்று திருகோணமலைக்கு மிக நெருங்கிய பொருளுடையது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்னும் மூன்று சமூகத்தாரும் பெருந்தொகையினராய் வாழும் மாவட்டம் இது. நம் அரசாங்கப் பாடசாலைகளோ பெரும்பாலும் மொழியாலும் சமயத்தாலும் பிரிந்து நிற்கின்றன. மூதூர்ப் பிள்ளையும், கந்தளாய்ப் பிள்ளையும், உவர்மலைப் பிள்ளையும் ஒரு வகுப்பில் அமர்வது அரிது. நகரத்திலேயே அடுத்தடுத்த தெருவிலுள்ள பிள்ளைகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்காமல் வளர்ந்துவிடுதல் கூடும். பாடசாலை சேர்க்காத இவர்களை வேறு எந்த இடம் சேர்க்கும்? வணக்கத்தலம் சேர்க்காது, சந்தை பெரியோரைச் சேர்க்கும். சிறுவரைச் சேர்க்க வல்லது விளையாடும் நிலம் ஒன்றே.

அந்நிலத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. நாம் கிட்டிப்புள் என்பதைச் சிங்களச் சிறுவர் 'குடு' என்பர். நாம் புளியங்கொட்டையும் சோகியும் இட்டு ஆடும் பல்லாங்குழிக்கு உறவான ஆட்டத்தை அவர்கள் குன்றிமணி கொண்டு 'ஒலிந்த கெலிய' என ஆடுவர். நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணிபுரிந்த ஹென்றி பார்க்கர், பழைய இலங்கை பற்றித் தாம் 1909இல் வெளியிட்ட பெருநூலில் ஏரி, தூபிகளோடு இந்நாட்டு விளையாட்டுகளையும் ஆராய்ந்து எழுதினார். குளங்களை அளக்க வந்தவர் அவர். சிறுவர் தரையிற் கீறிய கோடுகளும் ஆராய்ச்சிக்குரியவை என்பதை உணர்ந்தார்.

இங்கு ஒரு துயரத்தைக் கூறாமல் மேற்செல்ல என் மனம் ஒப்பவில்லை. 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை திருகோணமலைக் கடற்கரையிற் கூடிப் பேசிக்கொண்டிருந்த தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நீதி கேட்ட பெற்றோர் ஆண்டுக்கணக்காக அலைந்தனர். பொது வெளியிற் பிள்ளைகள் கூடியிருத்தல் ஆபத்து என்னும் எண்ணம் அத்தகைய நாட்களில் ஊரார் நெஞ்சிற் பதிந்தது. "விளக்கு வைக்கமுன் வீட்டுக்கு வா" என்று தாய் சொல்லும்போது அதில் வெறும் வழக்கம் மட்டுமன்றி நினைவும் இருக்கின்றது. வேலி கட்டிய பூங்காவை நாம் விரும்புவதற்கு இந்நினைவும் ஒரு காரணமாகலாம். ஆயினும் வேலி அச்சத்தை அடைத்து வைக்குமேயன்றி அகற்றாது. பல வீட்டுக் கண்கள் படுகின்ற, பலரும் வந்து போகின்ற திறந்த இடமே பிள்ளைக்குக் காவலாகும்.

நிலமும் காற்றும் ஆட்டமும்

அவ்வாறாயின், இம்மண்ணிற்கு ஏற்ற விளையாட்டிடம் எவ்வாறு இருக்கவேண்டும்? கொழும்பிலிருந்தோ கடல் கடந்தோ வரும் விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன், இங்குள்ள சிறுவர் ஆடும் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது என்ன நிலத்தைக் கேட்கின்றது என்று பார்ப்பதே முறை.

கிளித்தட்டு கேட்பது கோடு கீறக்கூடிய மண். குதிகாலால் ஒரு நெடுங்கோடும் பல குறுக்குக் கோடுகளும் இழுத்துவிட்டால் ஆடுகளம் ஆயிற்று. எத்தனை பேர் வந்தனரோ அதற்கேற்பத் தட்டுகளைக் கூட்டலாம், குறைக்கலாம். சீமெந்துக் கல் பாவிய தரையிலும், மிதிக்கக் கூடாதெனப் பலகை நாட்டிய புற்றரையிலும் இவ்வாட்டம் மாண்டுவிடும். போளை அடிப்போர்க்குச் சிறுகுழி தோண்டும் உரிமை வேண்டும். கொக்கான் வெட்டும் சிறுமியர்க்கு மரநிழலில் வழுவழுப்பான திண்ணை வேண்டும். ஒளித்துப் பிடிப்போர்க்கு மறைவிடம் வேண்டும். புதரும் மேடும் வெட்டித் தட்டையாக்கிய வெளியில் ஒளிய இடமேது? பேணிகளை அடுக்கிப் பந்தெறிவோர்க்கு முதுகுப்புறம் ஒரு சுவர் இருந்தாற் போதும். பட்டம் விடுவோர்க்குக் கம்பியற்ற வானம் வேண்டும். அதனைக் கடற்கரை தருகின்றது.

காற்றையும் கருதவேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் இரும்புச் சறுக்கு நண்பகலிலிருந்து மாலை வரையில் அடுப்பின் மேலிட்ட தட்டாகிவிடும். வேம்பும் பூவரசும் வாகையும் நட்டு, அவற்றின் நிழல் மாலையில் எங்கே விழுமென்று பார்த்து அங்கே மணலைக் கொட்டுவது பெருஞ்செலவன்று. வாடையோடு மாரி வரும்போது வெள்ளம் தேங்குமென்று அஞ்சுகின்றோம். வெள்ளம் ஓடுதற்கு வளைந்து செல்லும் சிறு வாய்க்காலொன்றை வெட்டிவிட்டால், கடதாசிக் கப்பலுக்கும் அணை கட்டுவோர்க்கும் அதுவே விளையாட்டிடமாகும். கிடுகு வேய்ந்த கொட்டிலொன்று மழைக்கும் வெயிலுக்கும் உதவும். மீனவர் கழித்த வலைத் துண்டும், மிதவைக் கட்டையும், தும்புக் கயிறும், பழைய ரயரும் இத்துறைமுக ஊரில் எளிதிற் கிடைப்பவை. அவற்றைச் சுத்தஞ்செய்து குவித்து வைத்தால், எந்தக் கடையிலும் வாங்க முடியாத விளையாட்டுப் பண்டங்கள் ஆயின. உருளை நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் எட்டும்படி மணலை இடுப்பளவு உயர்ந்த தொட்டியொன்றிலும் இட்டுவைத்தல் வேண்டும்.

கோட்டைக்குள்ளும் அதன் அயலிலும் புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவுவதைத் திருகோணமலையார் யாவரும் அறிவர். மானுக்கு இந்நகரம் வேலியிடவில்லை. ஊரோடு ஊராக வாழ விட்டிருக்கின்றது. பிள்ளைக்கும் அவ்வளவேனும் செய்யலாமன்றோ?

மூன்று தடைகள்

இவ்வாறு கூறும்போது மூன்று தடைகள் எழும். முதலாவது, பிள்ளை விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்பது. இங்கே இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். மரக்கிளையின் உயரம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். ஏறலாமா, கூடாதா என்று அது தானே அளந்து முடிவு செய்யும். மணலுள் மறைந்த கண்ணாடித் துண்டும், துருப்பிடித்த ஆணியும், போர் நடந்த நிலங்களில் மிஞ்சிய வெடிபொருளும் அதன் கண்ணுக்குத் தெரியா. தெரியாத கேட்டை அகற்றுவது பெரியோர் கடமை. தெரிந்த இடரையும் அகற்றிவிட்டால், அளந்து முடிவு செய்யும் அறிவு வளர வழியில்லை.

இரண்டாவது, பெண்பிள்ளைகளைப் பற்றியது. பத்து வயது கடந்த சிறுமியர் நம் மைதானங்களில் மெல்ல மெல்லக் காணாமற் போகின்றனர். பந்தடிக்கும் பையன்கள் நடுவெளியைக் கைக்கொண்டபின் அவர்களுக்கு ஓரம்கூட எஞ்சுவதில்லை. இதனை நம் ஊர்ப் பழக்கம் என்று மட்டும் கருதுதல் பிழை. ஆஸ்திரியத் தலைநகராகிய வியன்னாவிலும் 1990களின் பிற்பகுதியில் ஆராய்ந்தபோது, அவ்வயதுச் சிறுமியர் பூங்காக்களை விட்டு நீங்குவது தெரிந்தது. அந்நகரத்தார் 1999 தொடக்கம் சில பூங்காக்களைத் திருத்தினர். ஒரே பெருவெளியைச் சிறுசிறு வெளிகளாகப் பிரித்தனர்; வாயில்களைக் கூட்டினர்; கூடியமர இடம் அமைத்தனர். சிறுமியர் திரும்பி வந்தனர். நம் பெண்களுக்கும் மரத்தடி ஊஞ்சலும், திண்ணையும், அவர்களுடைய அன்னையர் அமர்ந்து பேச இடமும் அருகிலிருந்தால் ஆட்டம் தொடரும்.

மூன்றாவது தடை பணம். இது தடையே அன்று என்பதை மணற்குவியல் காட்டிவிட்டது. செலவாவது பொருளுக்கன்று, ஆளுக்கு. பொருள்களை ஒழுங்குபடுத்தி, சண்டை முற்றும்போது மட்டும் தலையிட்டு, மூன்று சமூகத்துப் பிள்ளைகளுக்கும் மாமாவாகவோ மாமியாகவோ விளங்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். இரும்பு வாங்கும் பணத்தை இவ்வாறு செலவிடலாம். ஆனால் திறப்புவிழாவிற்கு வர்ணம் பூசிய சறுக்குத் தோற்றுமளவிற்கு மனிதர் தோற்றார். அதுதான் உண்மையான இடர்ப்பாடு.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

இந்நாட்டின் கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா, 1950களிற் கண்டி வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை உருவாக்கியபோது, அங்கே குடியிருக்கப் போகின்றவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து அவர்கள் விருப்பத்தை அறிந்த பின்னரே வரைந்தார். வீட்டிற்கு இம்முறை பொருந்துமாயின் விளையாட்டிடத்திற்கும் பொருந்தும். ஆனால் குழந்தையின் வினாக்கொத்து காகிதத்தில் இல்லை, தரையில் இருக்கின்றது. அதனைப் படிக்க வல்லவர் ஆசிரியரே.

ஆகவே இம்மாவட்டத்து ஆசிரியரையும் மாணவரையும் ஒன்று வேண்டுவேன். ஒரு வாரம், பாடசாலை விட்ட பின், உங்கள் தெருவிற் சிறுவர் எங்கே கூடுகின்றனர், என்ன ஆடுகின்றனர், எதைக்கொண்டு ஆடுகின்றனர், யார் விலகி நிற்கின்றனர், எந்த நேரத்தில் எந்த நிழலுக்கு நகர்கின்றனர் என்று குறித்து வையுங்கள். திருக்கடலூரிலும், பாலையூற்றிலும், கிண்ணியாவிலும், மூதூரிலும், 2006இல் இடம்பெயர்ந்து 2015 முதல் மீண்டு வந்தவர் வாழும் சம்பூரிலும், கந்தளாயிலும் எடுத்த குறிப்புகளை ஒன்று சேர்த்தால், இத்துறைமுக மாவட்டத்தின் விளையாட்டு வரைபடம் ஒன்று கிடைக்கும். எண்ணெய்க் குழாயும் மின்கம்பியும் எங்கே செல்லவேண்டுமென்று வரைவோர் முன் அதனை விரித்து வையுங்கள். "இந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கின்றனர்" என்று சொல்லுங்கள்.

மறுநாட் காலை அதே தெருவழியே மீண்டும் சென்றேன். மேசன்மார் வேலையைத் தொடங்கிவிட்டனர். மணலிற் பாதி சீமெந்தோடு கலந்து சுவராகிவிட்டது. வளைகுடாவின் ஒரு கரையும் ஓட்டுத் துறையின் நாலைந்து துண்டுகளும் மட்டும் எஞ்சிக் கிடந்தன. மாலையிற் சென்றபோது, சிறுவர் எஞ்சிய அக்கரையிலிருந்து மறுபடியும் தொடங்கியிருந்தனர். முதல்நாள் இல்லாத புதிய பிள்ளையொன்றும் அவர்களோடு மண் சுமந்தது. இன்னும் மூன்று நாளில் அந்த மணலும் தீர்ந்துவிடும். அதற்குப் பின் அவர்கள் எங்கே போவர் என்ற கேள்விக்கு விடை கூறவேண்டியவர் அவர்கள் அல்லர், நாமே.